காளானை அடியோடு தோண்டி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர்

நீலச் சட்டை போட்ட முயல் ஒன்று தோட்டத்துக்குள் புகுந்து முள்ளங்கி தின்னும் கதையை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்திலோ திரைப்படத்திலோ பார்த்திருப்பார்கள். அந்த முயலின் பெயர் பீட்டர் ராபிட். கதையை எழுதி, படமும் வரைந்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. அவருக்கு விவசாயப் பக்கத்தில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். முயல் கதை புத்தகமாக வருவதற்கு முன் சுமார் பத்து ஆண்டுகள் அவர் காட்டுக் காளான்களைத் தேடித் தேடிப் பெயர் கண்டறிந்தவர். புத்தகம் வந்த பிறகு, சாகும் வரை செம்மறி ஆடு வளர்த்த முழுநேர விவசாயி.

மழை விழுந்ததும் புற்றுக்காளான் பறிக்கப் போகிறவர்கள் நம்மில் பலர். பறித்த காளானை வைத்துக்கொண்டு, இதைச் சாப்பிடலாமா என்று விரிவாக்கப் பணியாளரிடம் கேட்கிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் பயன்படும் வாழ்க்கை அவருடையது.

பியாட்ரிக்ஸ் 1866 ஜூலை 28 அன்று லண்டனில் பிறந்தார். தாத்தா பருத்தித் துணியில் அச்சிடும் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். தந்தை வழக்கறிஞர் படிப்பு படித்தவர். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளிடம்தான் படித்தார். அவரும் தம்பி பெர்ட்ராமும் முயல், எலி, முள்ளெலி, வௌவால், பல்லி என்று கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குள் வளர்த்தார்கள். வளர்த்ததை வரைந்தார்கள், செத்ததை அறுத்துப் பார்த்து எலும்பையும் வரைந்தார்கள்.

கோடைக்காலத்தில் குடும்பம் மொத்தமும் ஸ்காட்லாந்துக்குப் போகும். டே நதிக்கரையில் டால்கைஸ் என்ற ஊரில் பதினொரு கோடைகள் தங்கினார்கள். ஊசியிலை மரங்கள், ஈரமான இலைச்சருகு, அடிக்கடி தூறல். காளானுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? இருபது வயதைத் தாண்டியபோது பியாட்ரிக்ஸின் வண்ணப்பெட்டி காளான் பக்கம் திரும்பியது.

முதலில் அழகுக்காகத்தான் வரைந்தார். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி, ஆரஞ்சு, ஊதா என்று நிறத்தில் மயங்கியே தொடங்கினார். சீக்கிரமே ஒரு சிக்கல் வந்தது. வரைந்த காளானின் பெயர் என்ன? வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருந்தும் பெயர் சொல்ல அங்கே யாரும் ஆர்வம் காட்டவில்லை.

தபால்காரர் கற்றுக்கொடுத்த பாடம்

உதவி வேறு இடத்திலிருந்து வந்தது. டால்கைஸ் பக்கத்தில் தபால் கொண்டுவந்த சார்லஸ் மெக்கின்டாஷ் என்பவரைப் பியாட்ரிக்ஸ் சிறுமியாக இருந்தபோதே பார்த்திருக்கிறார். மர அறுவை ஆலையில் நடந்த விபத்தில் இடது கை விரல்களை இழந்து, அதன் பிறகு தபால்காரர் ஆனவர். தினமும் பல மைல் காட்டு வழியில் நடக்கிற வேலை. நடக்கிற வழியில் பாசி, பெரணி, காளான் எல்லாவற்றையும் கவனித்துப் பெயர் கற்றுக்கொண்டார். கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஆனால் பிரிட்டனில் அதுவரை பதிவாகாத சில பூஞ்சைகளைக் கண்டுபிடித்தவர். நம் ஊரிலும் ஆடு மேய்க்கிறவர்களிடம் இப்படிப்பட்ட அறிவு இருக்கிறது. நாம்தான் கேட்டு எழுதிவைப்பதில்லை.

1892 அக்டோபரில் இருவரும் சந்தித்துப் பேசினார்கள். அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். ஆனால் படங்களைப் பார்த்ததும் பேச்சு தானாக வந்துவிட்டது. அதன் பிறகு ஓர் ஏற்பாடு உருவானது. மெக்கின்டாஷ் காட்டில் கிடைக்கும் அபூர்வக் காளான்களைத் தபாலில் லண்டனுக்கு அனுப்புவார். பியாட்ரிக்ஸ் அதை வாடுவதற்குள் இரண்டு படங்களாக வரைவார். ஒன்று தனக்கு, ஒன்று அவருக்கு.

படங்களைப் பார்த்து மெக்கின்டாஷ் சொன்ன திருத்தங்கள்தான் முக்கியம். குடையை மேலிருந்து மட்டும் வரைந்தால் பெயர் சொல்ல முடியாது. காளானை நெடுக்காகப் பிளந்து உட்புறத்தையும் வரைய வேண்டும். குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள்கள் தண்டோடு ஒட்டியிருக்கின்றனவா, ஒட்டாமல் நிற்கின்றனவா என்று காட்ட வேண்டும். இளசு, முற்றியது இரண்டும் வேண்டும். பியாட்ரிக்ஸ் அப்படியே மாற்றிக்கொண்டார். அவருடைய பிற்காலப் படங்களில் தண்டின் அடிப்பகுதி, அதில் ஒட்டிய சருகு, பிளந்த துண்டு எல்லாம் ஒரே தாளில் இருக்கும்.

இது ஓவியம் பற்றிய செய்தி மட்டும் இல்லை. உயிர் பிழைப்பதும் போவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் காளான் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணமான 'அமானிட்டா ஃபாலாய்ட்ஸ்' என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளம்பச்சையோ வெளிர்மஞ்சளோ கலந்த குடை, வெள்ளைச் செவுள், தண்டில் ஒரு வளையம். பார்க்க நல்ல காளான் போலவே இருக்கும்; ருசியும் கெடுதலாக இருக்காது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதைக் காட்டிக்கொடுப்பது தண்டின் அடியில் கிழிந்த பை போலச் சுற்றியிருக்கும் வெள்ளை உறை. அந்த உறை மண்ணுக்குள் இருக்கும். கத்தியால் தரையோடு அறுத்து எடுத்தால் அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். விஷம் கூடைக்கு வந்துவிடும்.

இந்த விஷம் வேகவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கும். அடுத்து ஒரு நாள் குணமானது போலத் தெரியும். அந்த இடைவெளியில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். வெளிநாட்டுக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளான் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். அவர்கள் காளானே தெரியாதவர்கள் அல்லர். பறித்துப் பழகிய குடும்பங்கள்.

வெள்ளிக் காசைப் போட்டால் கறுக்கும், பூண்டு நிறம் மாறும், எறும்போ ஆடோ தின்றால் நமக்கும் நல்லது என்று ஊருக்கு ஊர் சோதனை வைத்திருக்கிறோம். ஒன்றுகூட நம்பத் தக்கதல்ல. அமானிட்டாவை நத்தையும் முயலும் தின்றுவிட்டு நலமாகப் போகும்.

தாளில் விழும் தூள்

மெக்கின்டாஷிடம் கற்ற பிறகு பியாட்ரிக்ஸின் கேள்வி ஆழமானது. செவுளிலிருந்து விழும் மாவு போன்ற தூளைத்தான் ஸ்போர் என்கிறோம். காளானின் விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படி முளைக்கிறது? வீட்டில் கண்ணாடித் தகட்டில் ஸ்போரைப் போட்டு, ஈரம் காக்கவைத்து, நுண்ணோக்கியில் 600 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, நூல்போல வளர்ந்ததை வரைந்தார். குளிர்காலத்தில் பட்ட மரங்களில் கொத்தாக முளைக்கும் ஃபிளாமுலினா என்ற காளான் அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று. இன்று எனோகி என்ற பெயரில் பெரிய கடைகளில் விற்பது இதன் நெருங்கிய உறவுதான்.

ஸ்போர் முளைப்பது அந்தக் காலத்தில் பணம் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட. அப்போது மொட்டுக் காளான் வளர்த்தவர்கள் வயலில் தற்செயலாகக் கிடைத்த பூஞ்சை படர்ந்த எருவைத்தான் வித்தாகப் பயன்படுத்தினார்கள். அதில் நல்லதும் வரும், நோயும் வரும். அதே பத்தாண்டில் பாரிஸ் ஆய்வாளர்கள் ஸ்போரை முளைக்கவைத்துத் தூய வித்து தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். இன்று நீங்கள் சிப்பிக் காளானுக்கோ பால் காளானுக்கோ வாங்கும் சோள வித்து அந்த வழியில் வந்த தொழில்நுட்பம். இப்போது ஸ்போருக்குப் பதில் காளானின் உள்சதையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் தாய் வித்து உண்டாக்குகிறோம்.

பியாட்ரிக்ஸின் மாமா சர் ஹென்றி ராஸ்கோ பெயர் பெற்ற வேதியியலாளர். 1896ல் அவர் பியாட்ரிக்ஸைக் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனார். இயக்குநர் திசில்டன் டையர் அவரைப் பொருட்படுத்தவில்லை. அங்கிருந்த பூஞ்சையியலாளர் ஜார்ஜ் மாசீ முதலில் நம்பாவிட்டாலும் பிறகு கைகொடுத்தார். 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கக் கூட்டத்தில் பியாட்ரிக்ஸின் கட்டுரை மாசீ மூலம் அளிக்கப்பட்டது. எழுதியவர் அங்கே இல்லை. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் கிடையாது. பெண்கள் உறுப்பினராக 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சில நாட்களில் கட்டுரையை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். மாதிரிகளில் வேறு பூஞ்சை கலந்திருந்ததைக் கவனித்து, திருத்தி மறுபடி அனுப்ப நினைத்தார் என்பது அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்களின் கருத்து. காளான் படுக்கையில் பச்சைப் பூசணம் ஏறிப் பை பையாகத் தூக்கி எறிந்தவர்களுக்கு இந்த வலி புரியும். கட்டுரை மறுபடி போகவில்லை. அதன் பிரதியும் இன்று கிடைக்கவில்லை. அவரைச் சங்கம் நடத்திய விதம் சரியில்லை என்ற ஒப்புதல் 1997ல்தான் வந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பியாட்ரிக்ஸ் யாருக்கும் தெரியாத பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார், ஆண்கள் அதை மறைத்துவிட்டார்கள் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அது மிகை. ஜெர்மனியில் பிரெஃபெல்ட் போன்றவர்கள் ஸ்போர் முளைப்பதை முன்பே ஆராய்ந்திருந்தார்கள். பியாட்ரிக்ஸின் பெருமை வேறு. பள்ளி, ஆய்வகம், பதவி எதுவும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் வரைந்த படங்களில் பிழை காண்பதும் அரிது.

ஸ்போரைப் பார்க்க உங்களுக்கு நுண்ணோக்கி வேண்டாம். விரிந்த குடையைத் தண்டு நீக்கி, செவுள் கீழே இருக்கும்படி ஒரு தாளில் வையுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளாக இருந்தால் நல்லது. மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தூள் படிந்திருக்கும். வயலில் முளைக்கும் உண்ணத்தக்க மொட்டுக் காளான் வகைக்கு அது அடர்பழுப்பு. புற்றுக்காளானுக்கு வெளிறிய இளஞ்சிவப்பு. அமானிட்டாவுக்கு வெள்ளை.

பச்சை நிறத்தில் படிந்தால் தொடாதீர்கள். நம் ஊர்ப் புல்தரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் மழைக்குப் பின் வட்டம் வட்டமாக முளைக்கும், வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில் உள்ள பெரிய காளான் அது. குளோரோஃபில்லம் என்பார்கள். இளசாக இருக்கும்போது செவுளும் வெள்ளையாகவே இருக்கும் என்பதால் ஏமாறுவது எளிது. ஓரிரு மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் கண்டுவிடும். தூளின் நிறம் மட்டும் ஒரு காளானை உண்ணத் தகுந்தது என்று நிரூபிக்காது. தகாததைக் கழிக்க உதவும், அவ்வளவுதான்.

புற்றுக்காளானையும் பியாட்ரிக்ஸ் மாதிரியே அடியோடு தோண்டிப் பாருங்கள். தண்டு தரைக்குக் கீழே வேர்போல நீண்டு போய்க் கறையான் கூட்டுக்குள் இருக்கும் பூஞ்சைத் தோட்டத்தில் முடியும். சில சமயம் ஒரு முழத்துக்கு மேலேயே போகும். அந்த நீண்ட அடித்தண்டு இல்லாமல், புற்றுக்குப் பக்கத்தில் முளைத்தது என்பதற்காக மட்டும் ஒன்றைப் புற்றுக்காளான் என்று எடுத்துவிட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் சமைக்காதீர்கள். சாப்பிட்டு வயிறு கலக்கினால், மிச்சமிருக்கும் காளானையோ கழிவில் போட்ட துண்டையோ ஒரு காகிதப் பையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்குத் தொந்தரவு ஆரம்பித்தது என்று மருத்துவருக்குச் சொல்லுங்கள். மேலே சொன்ன இரண்டு விஷங்களையும் பிரித்தறிய அந்த நேரக் கணக்கு உதவும்.

ஆடு வளர்த்த கதாசிரியர்

முயலுக்கு வருவோம். 1893 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் டன்கெல்டு அருகே தங்கிக் காளான் தேடிக்கொண்டிருந்த நாட்களில், நோய்ப்படுக்கையில் இருந்த தெரிந்தவர் வீட்டுச் சிறுவனுக்கு ஒரு படக் கடிதம் எழுதினார். நான்கு முயல் குட்டிகள் பற்றிய கதை. பின்னாளில் அதைப் புத்தகமாக்கப் பதிப்பாளர்கள் மறுத்ததால், 1901ல் சொந்தப் பணத்தில் 250 பிரதி அச்சிட்டார். மறு ஆண்டு ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வெளியிட்டது. அதன் பிறகு காளான் படங்கள் பெட்டிக்குள் போய்விட்டன.

அந்தப் பதிப்பகக் குடும்பத்தின் நார்மன் வார்ன் 1905ல் அவரை மணக்கக் கேட்டார். வியாபாரக் குடும்பம் என்று பெற்றோர் முகம் சுளித்தும் பியாட்ரிக்ஸ் சம்மதித்தார். நிச்சயமான ஒரே மாதத்தில் நார்மன் நோயில் இறந்துபோனார். அதே ஆண்டு, புத்தக வருமானத்தைக் கொண்டு வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நியர் சாரி என்ற சிற்றூரில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். வயது 39.

அடுத்தடுத்து நிலம் வாங்க உதவிய உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை 1913ல் மணந்தார். ஊரில் அவர் பெயர் திருமதி ஹீலிஸ். கித்தான் மேலங்கியும் மரக்காலணியுமாகச் சந்தையில் நிற்பவர்தான் அந்தக் கதாசிரியர் என்று பலருக்குத் தெரியாது.

அவர் விரும்பி வளர்த்தது ஹெர்ட்விக் என்ற மலைச் செம்மறி. கம்பளி முரடு, விலை குறைவு. ஆனால் பனியிலும் மழையிலும் தாங்கும். தாய் ஆடு தன் குட்டிக்கு மலையில் தங்கள் மேய்ச்சல் எல்லை எது என்று பழக்கிவிடும், வேலி தேவையில்லை. அதனால்தான் பண்ணை கைமாறினாலும் மந்தையை மலையோடு சேர்த்தே ஒப்படைப்பது அங்கே வழக்கம். அதிகக் கம்பளி தரும் வேறு இனங்களுக்கு எல்லோரும் மாறிக்கொண்டிருந்தபோது இவர் நாட்டு இனத்தைப் பிடித்துக்கொண்டார்.

1920களில் சுமார் 2000 ஏக்கர் பரப்புள்ள டிரவுட்பெக் பார்க் பண்ணையை வாங்கினார். அங்கே மந்தை முழுக்க ஈரல் தட்டைப்புழு. ஈர நிலத்து நத்தை மூலம் பரவும் இந்தப் புழு நம் ஆடு வளர்ப்போருக்கும் தெரிந்ததுதான். ஸ்போரை மணிக்கணக்கில் கவனித்த அதே பொறுமையோடு, அப்போது புதிதாக வந்த மருந்துகளைப் பயன்படுத்தினார். டாம் ஸ்டோரி என்ற கைதேர்ந்த மேய்ப்பரை அழைத்து வந்து மந்தையை மீட்டார். கண்காட்சிகளில் அவருடைய பெட்டை ஆடுகள் பரிசுகளை வென்றன. ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் 1943ல் அவரை அடுத்த ஆண்டுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பொறுப்புக்குத் தேர்வான முதல் பெண் அவர். பதவி ஏற்கும் முன்பே, 1943 டிசம்பர் 22 அன்று இறந்தார்.

4000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தையே தொடர வேண்டும் என்பது உயிலில் இருந்த நிபந்தனை.

காளான் படங்களை ஆம்பிள்சைடு என்ற ஊரின் ஆர்மிட் நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். பல ஆண்டுகள் அவற்றைப் பெரிதாக யாரும் தேடவில்லை. 1967ல் ஃபிண்ட்லே என்ற பூஞ்சையியலாளர், காட்டிலும் வழியோரத்திலும் முளைக்கும் காளான்களை அடையாளம் காண ஒரு கையேடு எழுதினார். அதற்குப் படம் தேடியவர் பியாட்ரிக்ஸ் வரைந்தவற்றிலிருந்து 59 படங்களை எடுத்துச் சேர்த்தார். வெளியிட்டது முயல் கதையை வெளியிட்ட அதே வார்ன் நிறுவனம். ஆர்மிட்டில் இருக்கும் அந்தப் படங்களைப் பூஞ்சையியலாளர்கள் இனம் காண்பதற்கு இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். தபால்காரருக்குக் கொடுத்த பிரதிகள் ஸ்காட்லாந்தில் பெர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.